தட்டு பூச்சியம்

செவ்வாய்க்கிழமைகளில் ஓல்டனில்
ஆறு மணிக்கே மூடுபனி வந்து கடைகளைச் சாத்திவிடும்.
ஆஸ்பத்திரிக் குசினியின் வெங்காய மணம் கைவிரலில் இருக்க
இரண்டாம் மாடி ஏறுவேன்.
எட்டுக் கணினி. ஐந்து பேர்.
சூடாக்கியின் மேல் யாருடையவோ கையுறை காயும்.

முதல் நாளே சண்டை பிடித்தேன்.
பலகையில் லிவியா ஸ்டுடர் எழுதியிருந்தாள்:

x = x + 1

நான் உயர்தரத்தில் கணக்குப் படித்தவள்.
இரு பக்கத்து x-ஐயும் வெட்டினால்
மிஞ்சுவது, பூச்சியம் சமன் ஒன்று.
இது நடக்காது என்றேன்.
கோபத்தில்தான் என் ஜெர்மன்
வேற்றுமை பிசகாமல் வரும்.

"இது சமன் இல்லை, சுகிர்தமலர்.
இது ஒரு கட்டளை.
வலப்பக்கத்தை முதலில் கணக்கிடு,
வந்ததை இடப்பக்கப் பெட்டியில் வை.
பழையது போய்விடும்."

"எங்கே போகும்?"
கேட்டவர் வூத்ரிச்,
நாற்பது வருடம் பூட்டுத் திருத்தியவர்.

"எங்கேயும் இல்லை."

அவர் அதைக் கொப்பியில் எழுதி
அடிக்கோடு போட்டார்.
கோடு, சொல் முடிந்த பிறகும் கொஞ்சத் தூரம் போனது.

நாலாம் கிழமை வீட்டுப்பாடம்:
உங்கள் வேலையில் ஒரு துண்டை எடுத்து எழுதுங்கள்.
தெஸ்ஃபாலெம் லாரிக்குப் பொதி ஏற்றினான்.
நான் ஐந்தாம் வார்டுக்கு மதியச் சாப்பாடு அனுப்பினேன்.
பெயர்களை நானே உண்டாக்கினேன்,
அசல் நோயாளியை வெளியே கொண்டுபோகக் கூடாது.

பட்டியல் முடியும்வரை, ஒவ்வொருவருக்கும்,
உப்பு ஆகாதென்றால் நீலச் சீட்டு.
இல்லாட்டி, விழுங்க ஏலாதென்றால் அரைத்தது.
இல்லாட்டி எல்லோருக்கும் உள்ளது.
இந்த இல்லாட்டி எனக்குச் சுலபமாக வந்தது.
அதைப் படிக்க
நான் காசு கட்டியிருக்கத் தேவையில்லை.

ஓட்டினேன்.
கண் இமைக்க முன் முடிந்தது.
முப்பத்திரண்டு பேர்.
முப்பத்தொரு தட்டு.

மூன்று தரம் எண்ணினேன். அகர வரிசையில்
முதலாம் பெயர், ஃப்ராவ் அபெக்லென்,
எண்பத்தாறு வயது, உப்பில்லாச் சாப்பாடு,
பட்டினி.

திரையில் சிவப்பு எழுத்து இல்லை.
மணி அடிக்கவில்லை.
ஒன்பது வருடத்தில் ஒரு தட்டும் தவறவிடாத என்னைக்கொண்டு
ஒரு கிழவியை மறக்கவைத்துவிட்டு
அடுத்த கட்டளைக்குக்
கண்சிமிட்டிக்கொண்டிருந்தது அந்தச் சின்னக் கோடு.

லிவியா பின்னால் வந்து நின்றாள்.
பதினோராம் வரியைத் தொட்டாள்.
"ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறாய்.
அது பூச்சியத்திலிருந்து எண்ணும்.
நீ சொன்னதைத்தான் செய்தது."

நான் சொன்னதைத்தான் செய்தது.
அதுதானே பிழை.

ஒரேயொரு எலும்புக்கூடு இலக்கத்தை மாற்றினேன்.
அபெக்லென் அம்மாள் சாப்பிட்டார்.

ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம்.
மேடையோரம் ஒரு பழைய கல்.
இத்தனை வருடமும் மரக்கறிப் பையைச்
சாத்திவைக்க உதவியது,
யாரோ செத்த நினைவு என்று இருந்தேன்.
பனி கரைந்து வழிந்த இடத்தில்
செதுக்கிய எழுத்து தெரிந்தது.

0

இந்த நாட்டுத் தண்டவாளங்கள் சில
ஒரு காலம் இங்கிருந்துதான் தூரம் எண்ணினவாம்.
கீழே சின்ன எழுத்தில் இருந்தது.
பையை எடுத்து மறுகைக்கு மாற்றினேன்.

புதன்கிழமை, அசல் குசினி, அசல் நீராவி.
தள்ளுவண்டியில் தட்டு அடுக்கிக்கொண்டே
வாய்க்குள் எண்ணினேன், பூச்சியம், ஒன்று, இரண்டு.
கடைசித் தட்டில் கை வைத்து
"முப்பத்தொன்று" என்றேன், சத்தமாய்.

ட்ரகானா பதறிப்போனாள்.
கரண்டியால் ஒவ்வொரு மூடியாகத் தட்டித் தட்டி
சேர்பிய மொழியில் எண்ணி வந்து
"முப்பத்திரண்டு" என்றாள், முறைத்தாள்.

இருவரும் சரி.
விளங்கப்படுத்த நேரமில்லை, லிப்ட் வந்துவிட்டது.

முதல் தட்டின் மூடியை மட்டும்
இன்னொரு தரம் அழுத்திவிட்டேன்.